மேட்டூர் அணை பக்கத்திலேயே இருந்தும் ஓமலூர் ஏரிகள் ஏன் காய்கின்றன?

அணை நம் சேலம் மாவட்டத்தில்தானே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான ஆதங்கம்.

முதலில் மேடு: நம் ஏரிகள் அணையைவிட உயரத்தில் இருக்கின்றன. அணை 120 அடி நிரம்பினாலும் தண்ணீர் தானாக நம் பக்கம் ஏறாது, மோட்டார் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அப்புறம் பங்கு. 1934-இல் கட்டி முடித்த அணை, முக்கியமாக டெல்டாவுக்கானது. ஜூன் 12-இல் குறுவைக்குத் திறக்கிற தண்ணீரில் கைவைப்பது சரியில்லை, தஞ்சாவூர் நாற்றும் வாடக்கூடாது. அதனால்தான் அணை நிரம்பி வழியும் உபரிநீரை மட்டும் அணைக்கரையிலுள்ள திப்பம்பட்டியிலிருந்து ஏற்றி 100 ஏரிகளை நிரப்பத் திட்டம் போட்டார்கள். அணை நிரம்பாத வருடம் உபரி ஏது?

அப்போது சேர்வராயன் மலையிலிருந்து சரபங்கா ஆற்றில் இறங்கும் மழைத்தண்ணீர்தான் கதி. எங்கள் ஏரி வாய்க்காலில் போன ஐப்பசியில் இறங்கிப் பார்த்தேன்: இடுப்புயரம் சீமைக்கருவேலம், மதகு வாயில் பிளாஸ்டிக் பை. வந்த தண்ணீர் ரோட்டில் ஓடியது. உங்கள் ஊர் வாய்க்காலை ஆடிக்குள் தூர்வாரச் சொல்லி கிராமசபையில் கேளுங்கள்.