சாதாரணப் பொருட்களை விண்வெளிக் காட்சி போலப் படம் எடுக்க முடியுமா? விலை உயர்ந்த கேமரா வேண்டுமா?

தாராளமாக முடியும், போனே போதும். நான் சென்னை ராயபுரத்துக்காரன். என் கோள்கள் எல்லாம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில்தான் இருக்கின்றன.

முதலில் செவ்வாய். பழுது பார்க்கக் கரையேற்றிய விசைப்படகுகளின் பக்கம் போனால் பழைய நங்கூரம், சங்கிலி, இரும்புத் தகடு என்று எங்கும் துரு. செவ்வாய்க்குச் சிவப்பைத் தருவதும் இரும்பு ஆக்சைடுதான், அதனால் நிறத்தில் கைவைக்க வேண்டியதில்லை. "அண்ணே, இந்தத் துருவ மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

ஆனால் நேரம் முக்கியம். கடலுக்கு மேலே சூரியன் கிளம்பிய சற்று நேரத்தில் வெயில் சாய்வாக விழும். அப்போது துருவின் சின்னச் செதிலுக்குக்கூட நீளமான நிழல் விழுந்து, மலையும் பள்ளத்தாக்குமாகத் தெரியும். நிலவின் பள்ளங்கள் பௌர்ணமியைவிட அரைநிலவில் தெளிவாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். உச்சி வெயிலில் அதே துரு வெறும் கறை. இன்னொன்று, படத்தில் வெளிச்சம் மேல்பக்கமிருந்து வருவது போலத் திருப்பி வையுங்கள். கீழிருந்து வந்தால் நம் கண்ணுக்குப் பள்ளமெல்லாம் மேடாகிவிடும்.

அப்புறம் அளவு. ஒரு ஆணி, ஒரு மீன் செதில், வலை நூல், எது உள்ளே வந்தாலும் போச்சு. பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். ஓரம் மங்கினாலே பொருள் சின்னது என்று தெரிந்துவிடும்.

தண்ணீரில் மிதக்கும் டீசல் படலம் வியாழன் கோளின் மேகப் பட்டைகள் போலவே வளையும். பலர் எடுக்கிறார்கள், நான் எடுப்பதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயைப் பார்த்த பிறகு அதை அழகாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஐஸ் பார், அதாவது மீனுக்குப் போடும் பெரிய ஐஸ் கட்டி. வியாழனின் நிலவான யூரோப்பா முழுக்கப் பனிக்கட்டி மூடி, கோடு கோடாக விரிசல் ஓடிய உலகம். வெயில் பட்டு விரிசல் விட்ட ஐஸ் துண்டைக் கருப்புத் தார்ப்பாய் மேல் வைத்து, ஒரே பக்கம் வெளிச்சம் விழச் செய்யுங்கள். போன் திரையில் ஐஸைத் தொட்டு, படத்தின் பிரகாசத்தை நன்றாகக் குறைத்தால் தார்ப்பாய் மறைந்து வெறும் இருட்டாகும். அதில் நட்சத்திரங்களை ஒட்ட வேண்டாம். அப்பல்லோ வீரர்கள் நிலவில் எடுத்த படங்களிலும் வானம் வெறும் கருப்புதான். வெயில் பட்ட தரைக்கு ஏற்றபடி கேமராவை அமைத்ததால் மங்கலான நட்சத்திரங்கள் பதியவில்லை.