வீங்குவது மூட்டு, ஆரம்பம் வேறு இடம்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்குப் பல வருடங்களாக முடக்குவாதம். அதைப் பற்றித் தேடினால், மூட்டழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளின் நிணநீர்க் கணுவையும் மண்ணீரலையும் எடுத்து அங்குள்ள செல்களை எண்ணும் ஆய்வுகளாகவே வருகின்றன. வீங்குவது மூட்டு. அதை விட்டுவிட்டு ஏன் அங்கே போய்த் தேடுகிறார்கள்?

க.

அன்புள்ள க.,

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அந்த நெறிதான் நிணநீர்க் கணு. அங்கிருந்தே தொடங்கலாம்.

குருத்தெலும்பில் உள்ள இரண்டாம் வகை கொலாஜன் என்ற புரதத்தை ஊசியில் ஏற்றினால் எலிக்கு மூட்டழற்சி வரும் என்று 1977-இல் கண்டுபிடித்தார்கள். இன்று பெரும்பாலும் சுண்டெலியின் வால் அடியில் போடுகிறார்கள். வீங்குவதோ பாதம். இடையில் மூன்று, நான்கு வாரம் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே வேலை நடக்கிறது. டென்ட்ரிடிக் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் கொலாஜனைக் கணுவுக்குத் தூக்கிப்போய், நோயெதிர்ப்பை முடுக்கிவிடும் டி செல்களிடம் காட்டுகின்றன. அந்த டி செல்கள், எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்களைத் தூண்ட, கொலாஜனுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகி ரத்தத்தில் கலந்து குருத்தெலும்பில் போய் ஒட்டுகின்றன. எலி நொண்டும் முன்பே நோயைப் பார்க்க வேண்டுமென்றால் கணுவைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, அப்படியானால் மூட்டுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. 1996-இல் கே/பிஎக்ஸ்என் என்ற சுண்டெலி வகையில் தானாகவே மூட்டழற்சி வருவதைக் கவனித்தார்கள். அதன் சீரத்தை, அதாவது எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும் ரத்தத்தின் தெளிநீரை, எடுத்து டி செல்லும் பி செல்லும் அறவே இல்லாத சுண்டெலிக்கு ஏற்றினாலும் சில நாளில் பாதம் வீங்கிவிடுகிறது! எதிர்ப்பொருள் வந்து சேர்ந்துவிட்டால் போதும், மிச்சத்தை நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் மூட்டிலேயே முடித்துவிடும். அந்த எதிர்ப்பொருள் குறிவைக்கும் நொதி உடம்பின் எல்லாச் செல்களிலும் இருக்கிறது, ஆனாலும் அடி வாங்குவது மூட்டுதான். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

முடக்குவாத மருந்துகளையும் இப்படியே புரிந்துகொள்ளலாம். அபடாசெப்ட் டி செல் தூண்டப்படுவதைத் தடுக்கிறது, ரிடுக்ஸிமாப் பி செல்களைக் குறைக்கிறது. டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற சமிக்ஞையையே அடக்குகின்றன. டிஎன்எஃப்-ஐத் தடுப்பது எலிகளில் பலன் தருவதை ஆய்வாளர்கள் ஃபெல்ட்மன், மைனி குழுவினர் 1992-இல் காட்டினார்கள்.

எலியின் நோயும் மனிதரின் நோயும் ஒன்றல்ல. ஆனாலும் மனிதரிலும் வலி தொடங்கச் சில வருடங்கள் முன்பே ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் தென்படுவதுண்டு. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு சற்று அதிகம். அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: காலையில் உங்கள் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்து, அது நாள்கணக்கில் தொடர்ந்தால், தள்ளிப்போடாமல் வாதநோய் மருத்துவரைப் பாருங்கள். அம்மாவுக்கு என் அன்பு.