நாடகத்துக்கு ஆள் எடுக்கிறீர்களா? பதிவுக் கட்டணம் கேட்பவரை முதலில் அனுப்பிவிடுங்கள்

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து திருமங்கலத்தில் ஒரு சின்ன நாடகக் குழு நடத்துகிறோம். வரும் சித்திரை, வைகாசியில் சுற்றுவட்டாரக் கோயில் திருவிழாக்களில் ஆறு இடம், மதுரையில் ஓர் அரங்கில் இரண்டு நாள் என்று பேசி வைத்திருக்கிறோம். ஏழு நடிகர்கள் வேண்டும். அதில் ஒரு சிறுவன் வேஷமும் உண்டு. போன வருடம் தேர்வில் பிரமாதமாகப் பேசிய பையனுக்கு மூன்றாவது ஊரிலேயே தொண்டை கட்டிவிட்டது. அடுத்த வாரம் சீரியல் ஷூட்டிங் என்று கிளம்பியும் போய்விட்டான். இந்த வருடம் ஒரு கோஆர்டினேட்டர், "நாற்பது பேரை நான் வரவழைக்கிறேன், நீங்கள் உட்கார்ந்து பார்த்து எடுத்தால் போதும்" என்கிறார். வருகிறவர்களிடம் தலைக்கு 300 ரூபாய் பதிவுக் கட்டணம் அவர் வாங்கிக்கொள்வாராம். சம்மதிக்கலாமா? ஐந்து நிமிடத்தில் ஒருவரை எப்படி எடை போடுவது?

பதில்: சம்மதிக்காதீர்கள். நடிக்க வருகிறவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. இதில் பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை.

கணக்கைப் பாருங்கள். 40 பேர், தலைக்கு 300 என்றால் 12,000 ரூபாய். நீங்கள் எடுக்கப்போவது ஏழு பேர். மீதி 33 பேர் பணம் கட்டிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறுவார்கள். உங்கள் நாடகம் நன்றாக நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்தக் கோஆர்டினேட்டருக்கு ஒன்றுமில்லை. கூட்டம் கூடினால் அவர் வேலை முடிந்தது. அதனால் நடிப்பு வருமா என்று பார்த்து அனுப்ப மாட்டார். "புதுமுகங்களுக்கு அரிய வாய்ப்பு, சினிமா இயக்குநர்கள் நேரில் பார்க்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் போடுவார். அதைப் பார்த்து வருகிற பிள்ளைகள் யாரும் திருமங்கலத்து நாடகத்துக்காக வரவில்லை, சினிமாவுக்காக வருகிறார்கள். போன வருடம் ஷூட்டிங்குக்குப் போனானே ஒருவன், அவனைப் போலவே நாற்பது பேர் உங்கள் முன்னால் வந்து நிற்பார்கள்.

அது 300 ரூபாயோடு நிற்கும் என்றும் நினைக்காதீர்கள். அடுத்து "ஆல்பம் இல்லாமல் யாரும் எடுக்க மாட்டார்கள், என் ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொள்" என்பார். அப்புறம் பயிற்சி வகுப்பு, அப்புறம் சங்கத்து கார்டு வாங்கித் தருகிறேன் என்று ஒரு தொகை. அடகு வைத்த கம்மலை மீட்க முடியாமல் தவிக்கிற தாய்மார்களை இந்த வட்டாரத்தில் நான் பார்த்திருக்கிறேன். பணம் போவது அவர் பாக்கெட்டுக்கு. ஆனால் போஸ்டரில் இருப்பது உங்கள் குழுவின் பெயர். நாளைக்கு ஒரு பெண்ணின் அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் கூப்பிடுவது உங்களைத்தான். "எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை" என்று அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு தூரம் எடுபடுகிறது என்று தெரியும். (இதைப் படிக்கும் நடிகர்களுக்கு: இப்படி ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நாள் ஆக ஆகப் பணம் திரும்பும் வாய்ப்பு குறையும்.)

நடுவில் நிற்கிறவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் ஏஜென்ட் என்பவர் காலகாலமாக உண்டு. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன், ஹார்மோனியம் என்று தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுத்துத் தேதி குறிப்பார்கள். நடிகர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே அன்றைக்கு மேடையில்தான். 'வள்ளி திருமணம்' என்றால் பாட்டும் தர்க்கமும் அத்தனை பேருக்கும் மனப்பாடம் என்பதால் ஒத்திகையும் கிடையாது, தேர்வும் கிடையாது. அங்கே ஏஜென்டுக்குக் கிடைக்கும் கமிஷன் நடந்த நாடகத்திலிருந்து வருகிறது. நாடகம் நடக்கவில்லை என்றால் அவருக்கும் இல்லை. உங்கள் ஆளுக்கு நாடகம் நடப்பதற்கு முன்பே வரும்படி வந்துவிடுகிறது. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே யாரையும் தரம் பிரித்துவிடலாம்.

ஆட்களை நீங்களே திரட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. கல்லூரி நாடகக் குழுக்கள், ஒயிலாட்டம், பறை கற்றுத்தரும் இடங்கள், இசை நாடகக் கலைஞர்களின் வீட்டுப் பிள்ளைகள், போன வருடம் உங்கள் நாடகத்தைப் பார்த்தவர்கள். இருபது பேர் வந்தால் போதும். நாற்பது பேர் எதற்கு?

சரி, வந்தவர்களை எப்படிப் பார்ப்பது? ஐந்து நிமிடத்தில் எடை போட முடியாது. அதில் தெரிவது, வீட்டில் மனப்பாடம் செய்ததை ஒருவர் எவ்வளவு நன்றாக ஒப்பிக்கிறார் என்பது மட்டும்தான். பாதிப் பேர் ஏதாவது பழைய சினிமாவின் கோர்ட் வசனத்தோடு வருவார்கள். சொல்லவிடுங்கள், பதற்றம் தணியும். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது எட்டு இரவு தாங்குகிற ஆள். அதனால் பத்துப் பத்துப் பேராகக் கூப்பிட்டு, ஒவ்வொரு குழுவையும் ஒரு முழுப் பகல் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடும் நீங்கள் போடுங்கள்.

கையில் தாளைக் கொடுத்து உடனே வாசிக்கச் சொல்வது நிறையக் குழுக்கள் செய்கிற தவறு. உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒயிலாட்டம் ஆடும் பையன் ஒருவன் வருவான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், காதால் கேட்டால் இரண்டே தடவையில் பிடித்துக்கொள்வான். தாளை நீட்டினால் அவனைக் கழித்துவிட்டு, தமிழ் ஐயாவிடம் கைதட்டல் வாங்கியவனை எடுத்து வருவீர்கள். ஆறு வரி வசனத்தை வாயால் சொல்லிக்கொடுங்கள். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிடுங்கள். பிறகு ஒன்றை மாற்றச் சொல்லுங்கள்: "இதையே கோபமில்லாமல் சொல்லு, எதிரில் நிற்பது உன் அம்மா." மாறுகிறதா என்று பாருங்கள். முதல் தடவை சுமாராகச் சொல்லிவிட்டு, சொன்னதும் மாற்றிக்காட்டுகிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர். முதல் தடவையே அசத்திவிட்டு, என்ன சொன்னாலும் அதையே திரும்பச் செய்கிறவர் ஒத்திகையில் உங்கள் உயிரை வாங்குவார். இரண்டு பேரைச் சேர்ந்து நடிக்க விடும்போது பேசுகிறவரைப் பார்க்காதீர்கள், கேட்டுக்கொண்டு நிற்கிறவரைப் பாருங்கள். தன் முறைக்காக உதட்டை அசைத்துக்கொண்டே நிற்பவர் மேடையில் யாரோடும் சேர மாட்டார்.

குரலை அறைக்குள் சோதிக்காதீர்கள். ஊர்த் திருவிழா மேடைக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடும், நாலு கடை தள்ளி ராட்டினம், இடையிடையே வேட்டு. மைக் செட்காரர் கட்டித் தொங்கவிட்ட இரண்டு மைக்கை நம்பித்தான் நாடகம். திறந்தவெளியில் நிறுத்தி, அதே ஆறு வரியைக் காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். மூன்றாம் தடவை குரல் கரகரத்தால் அவர் மூச்சை வைத்துப் பேசவில்லை, தொண்டையை இறுக்கிக் கத்துகிறார் என்று அர்த்தம். உங்கள் போன வருடத்துப் பையனும் இந்த ரகமாகத்தான் இருந்திருப்பான். கத்திக் கத்திக் குரல்நாண் வீங்கிவிட்டால் பேசாமல் இருப்பதுதான் வைத்தியம். அடுத்தடுத்து ஊர் இருக்கும்போது அதற்கு எங்கே நேரம்? மூச்சுப் பயிற்சியில் இதைச் சரி செய்யலாம். ஆனால் ஒரே மாதத்தில் நடக்காது. அக்னி நட்சத்திரத்துக்கு நடுவில், ராத்திரி விழித்து, ஐஸ் தண்ணீர் குடித்து, காலையில் பஸ் பிடிக்கிற வாழ்க்கையில் நிச்சயம் நடக்காது.

அடுத்தது தேதி. நடிப்பைவிட இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். எட்டு நாடகத் தேதியும் ஒத்திகை நாட்களும் எழுதிய தாளைத் தேர்வுக்கு முன்பே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, எதற்கு வர முடியாது என்று அவர்களையே அடிக்கச் சொல்லுங்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே மாதங்களில் செமஸ்டர் தேர்வு. பிளஸ் டூ முடித்தவர்களில் சிலருக்கு மே மாதம் நீட். "பார்த்துக்கலாம் அண்ணே" என்பவர் வர மாட்டார். எடுத்த ஏழு பேரில் இரண்டு பேராவது இன்னொரு வேஷத்தையும் படித்து வைத்திருக்க வேண்டும்.

தேதி விஷயத்தில் நடிகரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் அது கூடாது. வருடத்தில் அதிகபட்சம் 15 விழா நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம். விதியைக் குறை சொல்லவில்லை, ஊரில் நோயாளிகளும் குழந்தைகளும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால் மனு கொடுத்தாலும் பதில் வருவது விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம். ஸ்டேஷனில் கேட்டால் மேலிடம், மேலிடத்தில் கேட்டால் ஸ்டேஷன். ஒரு ராத்திரிக் கலை நிகழ்ச்சிக்கு விழாக் கமிட்டிக்காரர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை போய் நிற்கிறார்கள். அதற்குள் தேதி தள்ளிப்போகும், உங்கள் நடிகர் வேறு வேலைக்கு ஒப்புக்கொண்டிருப்பார். அதனால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மாற்றுத் தேதியையும் அந்தத் தாளில் போட்டுவிடுங்கள். நாடகத்தை ஏழரைக்கு ஆரம்பிக்கச் சம்மதிக்கிற ஊராகப் பார்ப்பதும் நல்லது.

சிறுவன் வேஷம் என்றீர்களே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதில்தான் எல்லாரும் அலட்சியமாக இருக்கிறார்கள். 14 வயது முடியாதவர் குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி குழந்தை. குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது பொது விதி. கலை நிகழ்ச்சிகளுக்கு விலக்கு உண்டு, சர்க்கஸுக்கு இல்லை. 'விலக்கு உண்டு' என்ற இரண்டு வார்த்தையோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த விலக்குக்கு 2017இல் திருத்திய விதிகளில் நிபந்தனைகள் இருக்கின்றன. வணிக நிகழ்ச்சி என்றால் அது நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். பள்ளிப் படிப்பு கெடக் கூடாது. ஒத்திகையும் அந்த ஐந்து மணி நேரத்துக்குள் வருகிறது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். நடு இரவு வரை உட்காரவைத்துக் கடைசிக் காட்சியில் மேடையேற்றுவது நியாயமே இல்லை.

நாங்கள் டிக்கெட் போடவில்லை, கோயில் நாடகம்தானே, இது வணிக நிகழ்ச்சியா என்று கேட்பீர்கள். கமிட்டி பணம் தருகிறது, அரங்கில் நுழைவுச்சீட்டு விற்கப்போகிறீர்கள். வாதம் செய்துகொண்டிருக்காமல் மனு கொடுத்துவிடுங்கள். இரண்டு மாவட்டத்தில் நாடகம் என்றால் இரண்டு மனு. சினிமாவையும் டிவியையும் மனதில் வைத்து எழுதிய விதி இது. உங்களைப் போன்ற சின்னக் குழு கலெக்டர் அலுவலகத்தில் போய் நின்றால், எந்த மேஜை என்று சொல்லவே ஒரு வாரம் ஆக்குவார்கள். தொழிலாளர் துறையா, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகமா என்று அலையவிடுவார்கள். கோபம் வரத்தான் செய்யும், இருந்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவை ஆரம்பித்த காலத்தில் அரசன் முதல் அரசி வரை பையன்கள்தான் போட்டார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் வேஷம் மாறிவிடும். இப்போது நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்யலாம். குள்ளமான, சுறுசுறுப்பான பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்தச் சிறுவன் வேஷத்தைக் கொடுங்கள். பார்க்கிறவர்கள் இரண்டு நிமிடத்தில் ஒப்புக்கொள்வார்கள், மனுவும் வேண்டாம்.

பெண்கள் வருவதால் ஒன்று. தேர்வை லாட்ஜ் அறையில் வைக்காதீர்கள், "தனியாக ஒரு தடவை பார்க்கணும்" என்று யாரையும் கூப்பிடாதீர்கள். பள்ளி வகுப்பறையோ சமுதாயக் கூடமோ, பகலில், கதவு திறந்திருக்கட்டும். கூட வந்தவர் உள்ளேயே உட்காரட்டும். எடுக்கிற உங்களில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றால் பாலியல் தொல்லை புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும் என்பதை அந்தத் தேதித் தாளின் கடைசியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். ஒழுங்கான ஆண்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சம்பளம் எவ்வளவு, எப்போது, ராத்திரி வீடு திரும்ப வேன் உண்டா என்பதைத் தேர்வுக்கு முன்பே சொல்லுங்கள். எடுக்காதவர்களுக்கும் மூன்று நாளுக்குள் செய்தி அனுப்புங்கள்.

தேர்வை மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டில் வைத்தால் ஒத்திகைக்குப் பங்குனி முழுக்கக் கிடைக்கும். மதுரையில் ஒத்திகை வைப்பதாக இருந்தால் சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி கல்யாணத்திலிருந்து அழகர் மலைக்குத் திரும்பும் வரை எதுவும் வைக்காதீர்கள். பாதித் தெருவுக்குள் வண்டி நுழையாது, உங்கள் நடிகர்களும் அழகரை வரவேற்கும் எதிர்சேவை பார்க்கப் போயிருப்பார்கள்.