பாய்லர் இரைகிறது, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டு ஹீட்டிங் பாய்லருக்கு ஒன்பது வயது. காலையில் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில், கெட்டிலில் தண்ணீர் கொதிக்கப் போவதுபோல் இரைகிறது. சில நாள் அது உறுமலாகவே கேட்கிறது. பிரஷரும் இறங்கிக்கொண்டே இருப்பதால் வாரம் ஒருமுறை தண்ணீர் ஏற்றுகிறோம். பார்க்க வந்தவர் பாய்லரை மாற்றிவிடச் சொல்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. மாற்றுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். இரைச்சலையும் வாராவாரம் தண்ணீர் ஏற்றுவதையும் இரண்டு தொல்லைகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே தொல்லையாகத்தான் தெரிகின்றன.

முதலில் சத்தம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். பாய்லருக்குள் இருக்கும் வெப்பப் பரிமாற்றியில் ஒரு பக்கம் தீ, மறுபக்கம் குறுகலான பாதைகளில் ஓடும் தண்ணீர். தண்ணீர் பக்கத்தில் சுண்ணாம்பு படிந்துவிட்டால், உலோகத்தின் சூடு தண்ணீருக்குச் சரியாகப் போய்ச் சேராது. உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகும். படிவின் இடுக்கில் சிக்கிய தண்ணீர் அங்கேயே கொதித்துக் குமிழியாகும். அந்தக் குமிழி சற்றுத் தள்ளி ஓடும் குளிர்ந்த நீரைத் தொட்டதும் உடைந்து அமுங்கும். ஒவ்வொரு உடைவும் ஒரு சின்னத் தட்டு. ஆயிரக்கணக்கான தட்டுகள் சேர்ந்தால் நீங்கள் கேட்கும் இரைச்சல். கெட்டில் கொதிக்கும் முன் இரைவதும் இதே காரணத்தால்தான். குழாய்களில் கறுப்புச் சேறு அடைத்துத் தண்ணீர் மெதுவாக ஓடினாலும் இதே கதிதான். தீயின் பக்கத்தில் தண்ணீர் தேவைக்கு மேல் தங்கிவிடுகிறது.

சரி, இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். வீட்டு ஹீட்டிங் என்பது மூடிய சுற்று. ஒருமுறை நிரப்பிய தண்ணீரே திரும்பத் திரும்ப ஓடுகிறது. சுற்றில் 100 லிட்டர் இருக்கிறது, லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்பு உள்ள கடின நீர் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 30 கிராம்தான். அவ்வளவும் படிந்தாலும் அதற்கு மேல் வர வழியில்லை. ஆனால் வாரம் இரண்டு லிட்டர் புதிதாக ஏற்றினால், ஒரு வருடத்தில் முழுச் சுற்றையும் இன்னொரு முறை நிரப்பியதற்குச் சமம். அந்தச் சுண்ணாம்பு எங்கே சூடு அதிகமோ அங்கேதான் போய் உட்காரும், அதாவது வெப்பப் பரிமாற்றியில்.

சுண்ணாம்போடு முடிந்துவிடவில்லை. புதுத் தண்ணீர் கரைந்த ஆக்சிஜனையும் கொண்டுவருகிறது. அறைகளைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர்கள் உள்ளே அரிக்கப்பட்டு, மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடு சேறாகச் சேர்கிறது. இந்த அரிப்பில் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகலாம். அதனால் ரேடியேட்டரில் காற்றைத் திறந்துவிடும்போது பக்கத்தில் மெழுகுவத்தியோ சிகரெட்டோ இருக்கவே கூடாது.

ஆக, பழி ஓரிடம் பாவம் ஓரிடம். கண்டுபிடிக்க வேண்டியது, தண்ணீர் எங்கே போகிறது என்பதை. பிரஷர் மானியை இரண்டு முறை பாருங்கள். பாய்லர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (பிரஷரை அளக்கும் அலகு) வரை காட்ட வேண்டும். நன்றாகச் சூடானபின் 2-ஐ ஒட்டி நின்றால் நல்லது. சூட்டில் 3-ஐ நெருங்கி, ஆறியதும் அடிமட்டத்துக்கு இறங்கினால், விரிவுக் கலத்தின் மீது என் சந்தேகம் போகும். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும் தண்ணீர் ஏறக்குறைய 3 சதவீதம் பெருகும். 100 லிட்டருக்கு 3 லிட்டர். அதை வாங்கிக்கொள்ளத்தான் அந்தக் கலத்தில் காற்று அடைத்திருக்கிறார்கள். காற்று போய்விட்டால் பெருகிய நீருக்கு இடமில்லை. 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து, தண்ணீர் வெளிச்சுவரில் இருக்கும் சிறு குழாய் வழியாகச் சொட்டிவிடும். அந்தக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். பையில் தண்ணீர் சேர்ந்திருந்தால் வழி தெரிந்துவிட்டது. கலத்துக்குக் காற்று அடிப்பது டெக்னீஷியனின் வேலை. புதுப் பாய்லரோடு ஒப்பிட்டால் மிகச் சின்ன வேலை.

பை காய்ந்தே இருந்தால் கசிவைத் தேடுங்கள். ரேடியேட்டர் வால்வுகளின் அடி, செப்புக் குழாய் இணைப்புகளில் பச்சைக் கறை, இவைதான் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். ஒன்றும் தென்படாவிட்டால், பாய்லரை அணைத்து ஆறவிட்டு, அதன் அடியில் ஹீட்டிங்குக்குப் போகும் வால்வு, திரும்பி வரும் வால்வு இரண்டையும் இரவு மூடி வையுங்கள். காலையில் பிரஷர் இறங்கியிருந்தால் கோளாறு பாய்லருக்குள். அப்படியே நின்றிருந்தால் வீட்டுக் குழாய்களில். வால்வுகளைத் திறந்த பிறகுதான் பாய்லரைப் போட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

தண்ணீர் போகும் வழியை அடைத்த பிறகுதான் உள்ளே சுத்தம் செய்வது. வரிசை மாறினால் செலவு வீண். சேற்றைக் கரைக்கும் மருந்து சுண்ணாம்பைக் கரைக்காது, அதற்கு அமிலத் தன்மையுள்ளது தனியாக வேண்டும். உங்கள் பரிமாற்றி அலுமினியமா ஸ்டீலா என்று பார்த்து அதற்கு ஒத்ததைப் போடச் சொல்லுங்கள். தவறான மருந்து அலுமினியத்தைத் தின்றுவிடும். கழுவி முடித்ததும் அரிப்புத் தடுப்பு மருந்து, அப்புறம் தண்ணீர் பாய்லருக்குத் திரும்பும் குழாயில் ஒரு காந்த வடிகட்டி. இவை இல்லாமல் பழைய சேற்றிலேயே புதுப் பாய்லரை மாட்டி, இரண்டாவது குளிர்காலத்தில் அதே இரைச்சலைக் கேட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பணம் கொடுத்தவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

அதுவரை, ஹீட்டிங் சூட்டைக் குறைத்து வையுங்கள். 75, 80-ல் இருந்தால் 65-க்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் இரைச்சல் அன்றே அடங்கத் தொடங்கும். சுடுநீர்த் தொட்டி இதே பாய்லரில் சூடாகிறதென்றால் அதற்கும் கீழே போக வேண்டாம். லெஜியனெல்லா கிருமி வளராதிருக்கத் தொட்டி நீர் 60 டிகிரியைத் தொட வேண்டும்.

களக் களக் என்று ரேடியேட்டரில் கேட்டால் காற்று. டிக் டிக் என்று தரைக்கடியில் கேட்டால் சூட்டில் நீளும் குழாய் மரத்தில் உரசுகிறது. இவற்றால் ஆபத்தில்லை. ஆனால் பற்றும்போது ‘டம்’ என்று வெடிப்பதுபோல் கேட்டாலோ, வழக்கமான நீலத் தீ மஞ்சளானாலோ, பாய்லரைச் சுற்றிக் கரி படிந்தாலோ, உடனே அணைத்துவிடுங்கள். தகுதியுள்ள கேஸ் டெக்னீஷியன் பார்க்கும்வரை போடாதீர்கள். தீ சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. வீட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் தலைவலியோ மயக்கமோ வந்தால் எல்லோரும் முதலில் வெளியே வந்துவிடுங்கள். மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால், நான் சொன்ன மற்ற எதற்கும் முன்னால் அதை வாங்குங்கள்.

பரிமாற்றியே விரிசல் விட்டிருந்தாலோ, உதிரிப் பாகம் கிடைக்காத மாடலாக இருந்தாலோ, மாற்றச் சொன்னவர் சொல்வது சரி. அவரிடமே திரும்பக் கேளுங்கள்: விரிவுக் கலத்தில் காற்று எவ்வளவு இருந்தது, ரேடியேட்டரிலிருந்து பிடித்த தண்ணீர் என்ன நிறம்? இரண்டையும் பார்க்காமல் சொல்லியிருந்தால், இன்னொருவரை அழைத்துக் காட்டுங்கள்.