புறக்காழ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மரம் செதுக்கும் வாய்ச்சியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். பசிபிக் தீவுகளில் கல் வாய்ச்சியால் மரச்சிலை செதுக்கினார்கள், அங்கே அதற்கு ‘டோகி’ என்று பெயர் என அதில் ஒரு வரி வருகிறது. அதைப் படித்ததும் உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

நான் ஒன்பது வருடமாக சான் டியேகோவில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. சென்ற வருடம் பக்கத்து வீட்டில் ஒரு உயரமான விசிறிப்பனையை வெட்டினார்கள். துண்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டு, மூன்றடி நீளத்தில் மூன்று துண்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இங்கே டிக்கி என்று சொல்லும் பசிபிக் தீவுப் பாணி மர முகங்களைச் செதுக்குவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். எனக்கும் நெடுநாள் ஆசை. முதல் துண்டில் மேல்பகுதி இரும்புக்கம்பி போல உளியைத் தடுத்தது. இரண்டு அங்குலம் உள்ளே போனதும் பஞ்சு மாதிரி ஆகி, ஆழமாக வெட்டிய வாய் உதிர்ந்தே போய்விட்டது. அடுத்து நண்பர் கொடுத்த யூகலிப்டஸ் உருளையில் செய்தேன். முகம் நன்றாகவே வந்தது. வீட்டுக்குள் வைத்த மூன்றாவது வாரம் நெற்றியிலிருந்து அடி வரை விரல் நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டது. எந்த மரத்தில் செதுக்குவது? பிளக்காமல் எப்படிக் காப்பது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வீடியோ அழைப்பில் இதைப் பார்த்த அம்மா, “யாரு சாமிடா அது? கும்பிடாத சாமிய எதுக்குடா செய்யுற?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

எஸ்.,
சான் டியேகோ

*

அன்புள்ள எஸ்.,

முதலில் மரத்தைப் பேசிவிடுகிறேன். அம்மாவின் கேள்விக்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

தொல்காப்பிய மரபியலில் இரண்டு வரிகள் உண்டு. ‘புறக்கா ழனவே புல்லென மொழிப, அகக்கா ழனவே மரமென மொழிப.’ காழ் என்றால் வைரம், தண்டின் கெட்டியான பகுதி. வெளிப்பக்கம் வைரம் கொண்டது புல், உள்ளே வைரம் கொண்டது மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். யூகலிப்டஸும் வேம்பும் பூவரசும் மரம். பள்ளியில் ஒப்பித்த வரிகள்தான். உளி பிடித்த பிறகே அவை எவ்வளவு கச்சிதமான கவனிப்பு என்று எனக்குத் தெரிந்தது. நீங்கள் புல்லில் மரத்துக்கான முகத்தைச் செதுக்கினீர்கள், அது உதிர்ந்தது. மரத்தை முழு உருளையாகவே விட்டீர்கள், அது பிளந்தது. கைத்திறனில் குறை ஏதும் இல்லை.

உங்களுக்குக் கிடைத்தது மெக்சிகோ விசிறிப்பனையாகத்தான் இருக்கும். கலிபோர்னியாவில் டிக்கி செதுக்குபவர்கள் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஊரெங்கும் நட்டிருக்கிறார்கள், நெட்டையாக வளரும், வெட்டினால் கூலி கொடுத்து அப்புறப்படுத்த வேண்டும். எனவே கேட்டவருக்குச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது. சோறு என்று சொல்லும் மென்மையான உட்பகுதிக்குள் கறுத்த நார்கள் நெடுக ஓடுகின்றன. விளிம்பை ஒட்டி அவை நெருக்கமாக இருக்கும், நடுவை நோக்கிப் போகப்போக விலகிவிடும். நம் ஊரில் கூரைக்குப் பனஞ்சட்டம் எடுக்கும்போது சோற்றைக் கழித்துவிட்டு விளிம்பைத்தானே எடுக்கிறார்கள்? அதே மரவகைதான் இது. அடிமரத்தில் வைரம் தடிப்பாக இருக்கும், உச்சியில் மெலிந்துவிடும்.

மிச்சமிருக்கும் இரண்டு துண்டுகளின் வெட்டுமுகத்தையும் நன்றாகக் கழுவிவிட்டுப் பாருங்கள். கறுத்த புள்ளிகள் நெருங்கி நிற்கும் வளையம் எத்தனை விரற்கடை என்று அளந்துகொள்ளுங்கள். உங்கள் முகம் முழுவதும் அந்தத் தடிப்புக்குள் அடங்க வேண்டும். கண்குழியும் வாயும் அதைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. பனையில் செய்த டிக்கிகளைக் கவனித்தால் தெரியும், கண்கள் அகன்று தட்டையாக இருக்கும், வாய் காதுவரை நீண்டாலும் ஆழம் இருக்காது, கோடுகள் பெரிதாக இருக்கும். அந்தப் பாணியில் பாதியைப் பனையே தீர்மானித்திருக்கிறது என்பது என் எண்ணம். நுணுக்கமான உதடும் இமையும் வேண்டுமென்றால் பனை இடம் கொடுக்காது. நார் பிய்ந்துகொண்டு வரும்.

பனையை ஈரத்தோடு செதுக்குங்கள். காய்ந்தால் விளிம்பு உளியைத் திருப்பி அனுப்பும். பனையில் சிலிக்கா உண்டு, மணலில் இருக்கிற அதே பொருள். உளிமுனையை அது தின்றுகொண்டே இருக்கும். கால்மணிக்கு ஒருமுறை தோல்பட்டையில் இழுத்துக் கூராக்கிக்கொள்ளுங்கள். மழுங்கிய உளி நாரை வெட்டாமல் பிடுங்கிவிடும். ஆங்கிள் கிரைண்டர் பிடித்தால் முகமூடி இல்லாமல் நிற்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வேலை முடிந்ததும் நிழலில், காற்றோட்டத்தில், மெதுவாகக் காயவிடுங்கள். கறுப்புப் பூஞ்சை வரத்தான் செய்யும். ப்ளீச்சை நீரில் கலந்து துடைத்தால் போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகு மேலோட்டமாகத் தீயில் காட்டிக் கம்பி பிரஷால் தேய்ப்பார்கள். சோறு கருகி விலகி நார்கள் மட்டும் எழுந்து நிற்கும். பனையின் அழகு அப்போதுதான் வெளியே வரும்.

யூகலிப்டஸுக்கு வருகிறேன். பச்சை மரத்திலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும்போது ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பின்தான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளையத்தின் சுற்றுவாட்டில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வெளிவட்டத்துக்கு நீளம் போதாமல் ஆகிவிடுகிறது. நடுக்குருத்து, அதாவது மரத்தின் மையம், உள்ளே இருக்கும் முழு உருளை எங்காவது வாய் திறந்தே தீரும். யூகலிப்டஸ் சுருங்குவதும் அதிகம், வளர்ந்தபோதே உள்ளே இறுக்கத்தைச் சேர்த்துவைத்திருக்கும் மரமும்கூட. அதனால்தான் மூன்றே வாரம்.

இதைத் தடுக்க முடியாது. ஆனால் எங்கே பிளக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம். உருளையைக் குருத்து வழியாக இரண்டாகப் பிளந்து, பாதியில் பட்டைப் பக்கத்தில் முகத்தைச் செதுக்குவது ஒரு வழி. முழு உருளைதான் வேண்டுமென்றால் முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை, குருத்தைத் தொடும் ஆழத்துக்கு, ரம்பத்தால் ஒரு வெட்டு போடுங்கள். சுருக்கம் முழுக்க அங்கே போய் விரியும், நெற்றி தப்பும். முதுகைக் குடைந்துவிட்டால் இன்னும் நல்லது. மரம் வெட்டிய அன்றைக்கே இரண்டு வெட்டுமுகத்தையும் அடைத்துவிட வேண்டும், ஏனென்றால் நீர் அந்த வழியாகத்தான் வேகமாக ஓடும். என் சிறுவயதில் எங்கள் தெருவில் கோயில் வாகனம் செய்த ஆசாரி ஒருவர் இருந்தார். மரம் வந்து இறங்கியதும் அவர் செய்யும் முதல் வேலை, வெட்டுமுகத்தில் சாணியை அப்புவது. உளியைத் தொடுவதெல்லாம் அதற்குப் பல மாதம் கழித்துத்தான். நீங்கள் மெழுகோ பழைய பெயிண்டோ பூசலாம். வேலைசெய்யாத நாட்களில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள்.

எந்த மரம் என்று கேட்டீர்கள். டிக்கியின் சொந்த ஊர்களில் என்ன மரம் வைத்திருந்தார்கள் என்று தேடிப் போனபோது எனக்கு ஒரு பெரிய சந்தோஷம் கிடைத்தது. மார்க்கேசஸ் தீவுகளில் ‘மியோ’, தஹிதியில் ‘மிரோ’, ஹவாயில் ‘மிலோ’ என்பது நம் பூவரசு. பீப்பி செய்து ஊதினோமே, அதே மரம். தஹிதியில் ‘மராயெ’ என்ற வழிபாட்டு வெளிகளைச் சுற்றி அதை நட்டு வளர்த்தார்கள். ‘தமனு’ என்பது நெய்தல் நிலத்துப் புன்னை. ‘தோவா’ என்பது சவுக்கு. அந்தச் சொல்லுக்கே அங்கு போர்வீரன் என்றும் பொருள். தண்டாயுதம் செய்த மரம் அது, செதுக்க ஆரம்பிப்பவர் அதன் பக்கம் போக வேண்டாம். பூவரசின் வைரம் கருஞ்சிவப்பாக, நெருக்கமான ரேகையோடு இருக்கும், எண்ணெய் தேய்த்தால் மெருகு ஏறும். மார்க்கேசஸ் சிற்பிகள் இன்றும் அதில் டிக்கி செதுக்குகிறார்கள்.

ஹவாயில் கோயில் உருவங்களுக்கு ‘ஓஹியா’ மரம் பேர்போனது. அதைத் தேடிப் போகாதீர்கள். 2014இல் அடையாளம் கண்ட ஒரு பூஞ்சை நோய் அந்த மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவருகிறது. தீவுவிட்டுத் தீவு கொண்டுபோகவே கட்டுப்பாடு இருக்கிறது. கடையில் ஹவாய் மரம் கேட்டால் ‘மங்கிபாட்’ கிடைக்கும். அது நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரம். ஹவாய்க்கு 1847இல்தான் போய்ச் சேர்ந்தது, பிறகு சுற்றுலாக் கடைகளின் கிண்ணமும் டிக்கியும் பெரும்பாலும் அதில்தான். மிகக் குறைவாகச் சுருங்குவதால் பச்சையாகவே செதுக்கி முடிக்கலாம், பிளவு பெரிதாக வராது. வெளிறிய மஞ்சளும் சாக்லேட் நிறமும் சேர்ந்து வரும். இதுவரை பட்ட பாட்டுக்கு, உங்கள் அடுத்த மரம் இதுவாக இருக்கட்டும். தூசி தும்மலைக் கிளப்பும், அவ்வளவுதான். சான் டியேகோவில் வேலியோரம் நிற்கும் அரளியை மட்டும் எவ்வளவு தடித்திருந்தாலும் தொடாதீர்கள்.

ஈஸ்டர் தீவில் விலா எலும்பு துருத்திய மெலிந்த மனித உருவங்களை ‘தொரோமிரோ’ என்ற சிறு மரத்தில் செய்தார்கள். சிறிய, கோணல்மாணலான மரம் அது. உருவங்களும் சிறியவை, பலவும் முன்னால் வளைந்து நிற்பவை. கிளையின் வளைவையே முதுகாக எடுத்துக்கொண்டது போல் இருக்கும். காட்டில் அந்த மரம் அழிந்துவிட்டது. சேகரித்துச் சென்ற விதைகளால் தாவரவியல் பூங்காக்களில் மட்டும் பிழைத்திருக்கிறது. அந்த உருவங்களின் படத்தை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் பாடம் அத்தனையும் அதில் இருக்கிறது. முகத்தை மனதில் முடிவுசெய்துவிட்டு மரம் தேடினால் இரண்டும் கெட்டுப்போகும். மரம் கையில் வந்த பிறகு முகத்தை யோசியுங்கள்.

இனி அம்மா. அவர் கேட்டது நியாயமான கேள்வி. இங்கே நம்மில் பலருக்குக் கேட்கத் தோன்றாத கேள்வியும்கூட.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளிடம் டிக்கி என்பது முதல் மனிதனின் பெயர். மார்க்கேசஸில் முன்னோரும் தெய்வமும் கலந்த உருவம். ஹவாயில் ‘கி’இ’ என்றால் உருவம் என்று பொருள். 1819இல் ஹவாய் மன்னர் முதலாம் கமேஹமேஹா இறந்ததும் அவர் மகன் பெண்களோடு அமர்ந்து உண்டு பழைய விலக்குகளை முறித்தார். கோயில்களை இடிக்கவும் உருவங்களை எரிக்கவும் ஆணை போனது. கிறிஸ்தவ மிஷனரிகள் வந்து இறங்கியது அதற்கு அடுத்த வருடம்தான். கூ என்ற போர்த்தெய்வத்தின் பெரிய உருவங்களில் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று ஹவாயின் ஹொனலுலுவில், ஒன்று லண்டனில், ஒன்று அமெரிக்காவின் சேலம் நகரில். லண்டனில் இருப்பது ஈரப்பலா மரத்தில் செய்தது, இரண்டரை மீட்டருக்கு மேல் உயரம். 2010இல் மூன்றையும் ஹொனலுலுவின் பிஷப் மியூசியத்தில் பக்கம் பக்கமாக நிறுத்தினார்கள். எத்தனையோ ஆண்டுகள் கழித்து மூன்றும் ஒன்றாகத் தாய்மண்ணில் நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

தென் பசிபிக்கில் உள்ள ரூருட்டு தீவின் ‘ஆ’அ’ என்ற தெய்வத்தை 1821இல் அந்தத் தீவு மக்களே லண்டன் மிஷனரிகளிடம் ஒப்படைத்தார்கள். உடலெங்கும் 30 சிறு உருவங்கள், முதுகு பேழைபோல் திறக்கும், உள்ளே குடைந்திருக்கிறது. பிளக்காமல் இருப்பதற்காகக் குடைந்ததல்ல, உள்ளே வைப்பதற்குப் புனிதமானவை இருந்தன. அண்மையில் ஆராய்ந்தபோது அது சந்தனமரம் என்று தெரிந்தது.

கலிபோர்னியாவின் டிக்கி இந்த வழியில் வந்ததல்ல. 1930களில் ஹாலிவுட்டிலும் ஓக்லாந்திலும் தென்கடல் அலங்காரத்தோடு திறந்த மதுக்கூடங்களில் முளைத்தது. பிறகு அதற்கென்றே சிற்பிகள் வந்தார்கள். விட்டியர் நகரில் ஓஷியானிக் ஆர்ட்ஸ் என்ற பட்டறை 1956 முதல் 2021 வரை உணவகங்களுக்கும் சினிமாவுக்கும் செதுக்கிக் கொடுத்தது. அவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒருவரின் தெய்வம் எரிந்து அடங்கி நூறு வருடம் கழித்து இன்னொருவரின் மேஜையில் கோப்பையாக வந்து நிற்பது எனக்கு உறுத்துகிறது. கூவை இன்றும் வணங்குபவர்கள் இருக்கிறார்கள். நம் அய்யனாரின் முகத்தை யாரோ ஒருவர் பாட்டில் திறப்பானாகச் செய்து விற்றால் அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

அதற்காக உளியைக் கீழே வைக்கச் சொல்ல மாட்டேன். நம் ஊரில் கண் திறக்கும்வரை சிலை வெறும் கல்லும் மரமும்தான். தஹிதியிலும் தெய்வங்களை மரத்தில் தென்னைநார்க் கயிறு சுற்றிச் செய்தார்கள். அதற்கு ஆற்றல் தந்தவை சிவப்பு இறகுகளும் மந்திரமும். உளி பட்டதாலேயே ஒரு மரம் தெய்வமாகிவிடாது என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. எனவே இப்படிச் செய்யுங்கள். அவர்களின் கலையிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள், கண்ணைப் பெரிதாக்கும் துணிவையும் முழங்காலை மடக்கி உடலை நிறுத்தும் விதத்தையும். கூவின் உருவத்தை மட்டும் நகலெடுக்காதீர்கள், நீங்கள் செய்யும் எதற்கும் அந்தத் தெய்வங்களின் பெயரை வைக்காதீர்கள். மாவோரிகளின் கழுத்தணியான ஹெய் டிக்கியைச் செய்து விற்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த முகங்கள் ஆயிரம் இருக்கின்றன. அம்மா அடுத்த முறை கேட்டால், “சாமி இல்லம்மா, நம்ம மாமா மூஞ்சி” என்று சொல்லக்கூடிய ஒன்றைச் செய்யுங்கள்.

பிளந்த யூகலிப்டஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான இறுக்கம் போய்விட்டது. இன்னும் ஆறு மாதம் நிழலில் கிடக்கட்டும். பிறகு அந்தப் பிளவின் வழியாகவே ஆப்பு வைத்து இரண்டாக்குங்கள். பழைய முகம் போகும். முதுகுப் பக்கத்தில் இதுவரை உளி படாத பட்டை இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். முடிந்ததும் படம் அனுப்புங்கள்.