வாயு கொட்டிக் கிடக்கிறது, விண்மீன் எங்கே?

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு டிடிஓ 154 என்ற குட்டி கேலக்ஸியை எடுத்தேன். விண்மீன்களைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கிறது. புதிதாகப் பிறக்கும் விண்மீன்களோ சொற்பம். வாயு கூடினால் விண்மீன் பிறப்பும் கூடும் என்கிற கென்னிகட்-ஷ்மிட் விதி பொய்யா, என் கணக்குத் தப்பா?

பதில்: மொத்த வாயுவைப் பார்த்ததுதான் தப்பு. ஒரு சதுர பார்செக்கில் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) எவ்வளவு வாயு, அதாவது பரப்படர்த்தி எவ்வளவு என்பதுதான் விதிக்கு முக்கியம். ஒரு குடம் தண்ணீரை முற்றம் முழுக்கத் தெளித்துவிட்டால் ஒரு செம்பாவது மொள்ள முடியுமா? டிடிஓ 154-இன் வாயு, விண்மீன்கள் தெரியும் பகுதியைத் தாண்டி வெகுதூரம் மெல்லிசாகப் பரவியிருக்கிறது.

விண்மீன் பிறக்கும் இடத்தில் வாயு குளிர்ந்து மூலக்கூறாகியிருக்கும். அதற்குத் தூசி வேண்டும். ஹைட்ரஜன் அணுக்கள் ஜோடி சேர்வது தூசியின் மேல்தான். புற ஊதா ஒளியைத் தடுக்கும் குடையும் அதுவே. குட்டிகளில் தூசிப் பஞ்சம். சுருள் கேலக்ஸிகளிலேயே சதுர பார்செக்குக்குச் சுமார் 10 சூரிய நிறைக்குக் கீழே போனால் விண்மீன் பிறப்பு சரசரவென்று விழுந்துவிடும்.

விண்மீன் பிறப்பு வாயுவின் பரப்படர்த்திக்கு 1.4-ஆம் அடுக்கில் உயரும் என்பது விதி; அந்த 1.4-ஐ மந்திரமாக ஓதாதீர்கள். கென்னிகட் 1998-இல் அதைக் கண்டது 61 சாதாரணக் கேலக்ஸிகளையும் விண்மீன்கள் மளமளவென்று பிறக்கும் 36 ஸ்டார்பர்ஸ்ட் கேலக்ஸிகளையும் வைத்து. ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து ஒரு மாணவர் வாங்கிய நிரலைத் திறந்து பார்த்தேன்: 1.4 உள்ளேயே எழுதியிருந்தது! எதைப் போட்டாலும் லாக்-லாக் வரைபடத்தில் நேர்கோடுதான். வைவாவில் நேர்கோடு கேட்கிறார்கள், கடையில் நேர்கோடு விற்கிறார்கள். யாரை நோவது?

விண்மீன் பிறப்பை அளக்க ஹைட்ரஜன்-ஆல்ஃபா என்ற சிவப்பு ஒளியை மட்டும் நம்பவும் வேண்டாம். அதை எழுப்பும் ராட்சத விண்மீன்கள் சில மில்லியன் ஆண்டுகளில் மடிந்துவிடும். குட்டியில் இன்றைக்கு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். அவற்றைவிட அதிக நாள் வாழும் இளம் விண்மீன்களும் தெரியும் புற ஊதாப் படத்தையும் சேருங்கள்.

அப்புறம், மூலக்கூறு வாயுவுக்கு அடையாளமாகத் தேடும் கார்பன் மோனாக்சைடு தெரியவில்லை, ஆகவே மூலக்கூறு வாயுவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். டபிள்யூஎல்எம் என்ற குட்டியில் ஆக்சிஜன் சூரியனில் உள்ளதில் 13 சதவீதம்தான். அங்கே வெகுகாலம் கார்பன் மோனாக்சைடு தென்படவில்லை. 2013-இல் முதல் தடயம் கிடைத்தது. 2015-இல் சிலியின் ஆல்மா தொலைநோக்கி பத்துச் சின்ன மேகங்களைக் காட்டியது. சராசரி ஆரம் 2 பார்செக். ஹைட்ரஜன் மூலக்கூறு புற ஊதா ஒளியிலிருந்து தன்னைத் தானே காத்துக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு, மேகத்தின் நடுவில்தான் பிழைக்கும். சுற்றியுள்ள மூலக்கூறு வாயு கண்ணில் படாது, ஆனால் இருக்கும்.

இப்போது படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பரப்படர்த்தியைக் கணக்கிடுங்கள். கட்டத்தின் அளவையும் கேலக்ஸி சாய்ந்து தெரிவதற்கான திருத்தத்தையும் வரைபடத்தின் கீழேயே எழுதுங்கள். கோடு வளைந்தால் வளையட்டும்.