மே மாத மொட்டை மாடி பார்பிக்யூ: புகையும் குப்பையும் குறைய என்ன செய்யலாம்?

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மே கடைசியில் இருபது பேரைக் கூப்பிட்டு மொட்டை மாடியில் பார்பிக்யூ போடலாம் என்று யோசனை. சுற்றுச்சூழலுக்கு அதிகக் கெடுதல் இல்லாமல் செய்ய வழி உண்டா? கையில் இருக்கும் கரி அடுப்பை விட்டுவிட்டு கேஸ் கிரில் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். எல்லாரும் முதலில் அடுப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள், ஆனால் இந்த மாதிரி விருந்தில் பெரும்பாதிப்பு அடுப்புக்கு மேலே வைக்கிற கறியால் வருவது. ஆடும் மாடும் அசைபோடும் பிராணிகள். அவை தீனியைச் செரிக்கும்போது மீத்தேன் வெளியேறுகிறது, அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கோழியில் இந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. எனவே மட்டன் சாப்ஸ் இல்லாமல் முடியாது என்று யாராவது அடம்பிடித்தால் ஒரு கிலோவோடு நிறுத்திக்கொண்டு மீதிக்குக் கோழி போடுங்கள். பன்னீர் சைவம்தானே என்று அள்ளிப் போடவும் வேண்டாம். ஒரு கிலோ பன்னீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் போகும், அதுவும் மாட்டுக் கணக்கில்தான் சேரும். காளான், மக்காச்சோளம், கத்தரிக்காய், அன்னாசித் துண்டு, தணலுக்குள் புதைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் சேர்ந்தால் இருபது பேருக்கு மூன்று கிலோ கோழியே போதும். நாம் வழக்கமாக ஆறு கிலோ வாங்கி, மறுநாள் பாதியைக் குப்பையில் போடுகிறோம்.

மீன் போடுவதாக இருந்தால் தேதியைக் கவனியுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. உங்கள் விருந்து சரியாக அதற்குள் வருகிறது. அந்தச் சமயத்தில் கடையில் அடுக்கி வைத்திருக்கும் பெரிய வஞ்சிரம் பல நேரம் மேற்குக் கரையிலிருந்து ஐஸில் பயணம் செய்து வந்ததாக இருக்கும். நாட்டுப்படகுக்கும் பைபர் படகுக்கும் தடை இல்லை, காலையில் நீலாங்கரை, கொட்டிவாக்கம் பக்கம் போனால் சங்கராவோ கானாங்கெளுத்தியோ எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். அலுமினியத் தாளுக்குப் பதில் வாழையிலையில் சுற்றிச் சுட்டால் மீன் காயாமலும் இருக்கும்.

சரி, கரிக்கு வருவோம். விறகை அடுக்கி மண்ணால் மூடி எரிக்கும் பழைய முறை மூட்டத்தில் ஒரு கிலோ கரி எடுக்க நாலைந்து கிலோ விறகாவது எரியும், ஆகவே அது எந்த மரம் என்பதுதான் முக்கியம். கொட்டாங்குச்சிக் கரி நல்ல தேர்வு, எப்படியும் வீணாகிற பொருள், சூடும் நீண்ட நேரம் நிற்கும். இன்னொன்று ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்திலிருந்து வரும் சீமைக்கருவேலங்கரி. அந்த மரம் நம் மண்ணுக்கு அந்நியம், வெட்ட வெட்டத் துளிர்க்கும், அதை வெட்டினால் காடு அழிகிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை. (அமெரிக்காவில் டெக்சாஸ்காரர்கள் பார்பிக்யூவுக்குப் பெருமையாகப் போடுகிற மெஸ்கீட் இதன் பங்காளிதான், நாம்தான் இதை மதிப்பதில்லை.) என்ன மரம் என்றே சொல்ல முடியாத மூட்டையை வாங்க வேண்டாம்.

பற்றவைக்க மண்ணெண்ணெய் கூடாது, பெட்ரோல் கூடவே கூடாது. சிம்னி என்று ஓர் இரும்புக் குழாய் விற்கிறார்கள், அடியில் இரண்டு செய்தித்தாளைக் கசக்கி வைத்து மேலே கரியை நிரப்பினால் இருபது நிமிடத்தில் பற்றிக்கொள்ளும். சாம்பல் பூக்கும்வரை பொறுங்கள். அவசரப்பட்டு முன்னாலேயே கறியை வைப்பதும், கொழுப்பும் எண்ணெயும் தணலில் சொட்ட விடுவதும்தான் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவுக்குப் புகையைக் கிளப்பும், அந்தப் புகையில் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களும் உண்டு. ஆகவே கறியில் கொழுப்பை நறுக்கி எடுத்துவிட்டு, தயிரும் எலுமிச்சையும் சேர்த்த மசாலாவில் எண்ணெயைக் குறைத்து ஊறவையுங்கள். அப்புறம், கம்பி வலை சின்னதாகிவிட்டது என்று ஹார்டுவேர் கடையில் ஜிஐ வலை வாங்கி மேலே போட்டுவிடாதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் ஆவியாகும். எவர்சில்வர் வலை போதும்.

தட்டு விஷயம் எளிது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும், தெர்மாகோல் தட்டும், மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கடையில் இன்னும் தருகிறார்கள் என்பது வேறு கதை. பாக்குமட்டைத் தட்டு நல்லதுதான், ஆனால் அதைவிட நல்லது பாத்திர வாடகைக் கடையில் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் எடுப்பது, கழுவ ஆள் வேண்டும் என்பது மட்டும்தான் தொல்லை. தண்ணீருக்கு 20 லிட்டர் கேன், பக்கத்தில் ஒரு பானை மோர்.

மே மாதம் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: ஊறிய கோழியை ஐஸ் பெட்டியில் வைத்து, அவ்வப்போது சுடுவதற்கு வேண்டியதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். 32 டிகிரிக்கு மேல் வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்த பச்சைக் கறியை நம்பக் கூடாது, நம் ஊரில் இரவு ஏழு மணிக்கும் அந்தச் சூடு இருக்கும்.

கேஸ் கிரிலில் கார்பன் கணக்கு கரியைவிடக் குறைவு என்பது உண்மைதான். வாரா வாரம் சுடுகிற வீடு, அல்லது சங்கத்தில் புகைக்குத் தடை என்றால் அது சரி. வருஷத்துக்கு ஒரு தடவைக்குப் புது இரும்பை வாங்கி மூலையில் போடுவதில் லாபம் இல்லை. முடிந்ததும் தணலில் தண்ணீர் ஊற்றி நன்றாக அணைத்து, மாடியிலேயே விடியும்வரை விட்டுவிடுங்கள், கனல் இருக்கிற அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். ஆறின சாம்பலைத் தொட்டிச் செடிக்கு ஒரு கைப்பிடி தூவலாம், அதற்கு மேல் போட்டால் மண் காரமாகிவிடும்.